பத்து ஏக்கர், தண்ணி குறைந்துபோன போர்: இன்னும் ஆழம் போவதா, குட்டை வெட்டுவதா, கொறங்காடாக விடுவதா?

காங்கயம், பல்லடம், வெள்ளகோவில் பக்கம் பத்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் மாசி பிறந்தால் பேசுகிற பேச்சு ஒன்றுதான். இருக்கிற போரில் தண்ணி குறைந்துவிட்டது, தென்னைக்குக் காணவில்லை, அடுத்து என்ன செய்வது? கையில் கொஞ்சம் பணம் இருக்கும். இல்லாவிட்டால் நகையை வைத்துப் புரட்டலாம். அதைக் கொண்டு இன்னொரு போர் போடலாம். பண்ணைக்குட்டை வெட்டிச் சொட்டுநீருக்கு மாறலாம். ஆத்தோரம் ஒரு துண்டு இடம் வாங்கிப் பைப் இழுக்கலாம். கோடை தாண்டும்வரை லாரித் தண்ணி ஊற்றலாம். அல்லது தோட்டத்தில் பாதியைக் கொறங்காடாக, அதாவது முள்வேலி அடைத்த மேய்ச்சல் காடாக, விட்டுவிடலாம்.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து ஏக்கருக்கும் தண்ணி தேடி அலைவதைவிட, இருக்கிற தண்ணி எத்தனை ஏக்கர் தாங்கும் என்று கணக்குப் போட்டு அதை மட்டும் தோட்டமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காடாக விடுவதுதான் இந்தச் சீமைக்குச் சரிப்படும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. யாருக்கு அல்ல என்பதையும் சொல்கிறேன்.

மேற்கே மலையில் மழை கொட்டும். இங்கே மழை மறைவு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்றுதான். தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் காற்று மின்சாரம் தருகிற அதே நேரத்தில் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை என்றால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில், நாலைந்து பெருமழையாக வந்து போய்விடும். 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. அடுத்த கோடையில் மண்டை காய்ந்து நின்ற தென்னைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எந்த யோசனைக்கும் முன்னால் ஒரு அளவு கையில் இருக்க வேண்டும். ஒரு ஏக்கருக்குச் சுமார் 70 தென்னை. கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ஆக ஏக்கருக்குத் தினமும் 4,500 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பத்து ஏக்கருக்கு 45,000. வட்டப்பாத்தியில் மடை கட்டி விடுகிறவர்களுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு. இந்த 4,500ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருகிற எல்லாவற்றையும் இதனால்தான் அளக்கப்போகிறோம்.

ஆழப் போர்

போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போகிறது, நம் தோட்டத்துக்கு வராதா. வரும். ராத்திரி முழுக்க கம்ப்ரசர் சத்தம், வேப்பமரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூசி. எண்ணூறு அடியில் தூசி கொஞ்சம் ஈரமாக வந்தால் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எழுந்து நிற்பார்கள். ஆயிரம் அடியில் மறுபடி வறட்டுத் தூசி. அப்போது வண்டிக்காரர் வந்து, “ஏனுங்க, இன்னும் ஒரு நூறு அடி போட்டுப் பாத்தரலாமுங்களா?” என்பார். அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொன்னவர்கள் எங்கள் பக்கம் குறைவு. இத்தனை போட்டாச்சு, இன்னும் நூறுதானே என்றே தோன்றும். ஆழம் கூடக்கூட அடிக்கான ரேட்டும் ஏறுகிறது என்பது காலையில் பில் வரும்போதுதான் உறைக்கும்.

நம் அடியில் இருப்பது கடும்பாறை. ஆற்றுப்படுகை மணல்போலத் தண்ணி பரவலாக நிற்காது, வெடிப்புகளில்தான் ஓடும். ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரத்தில் வெடிப்புகள் நெருங்கிக் குறைந்துகொண்டே வரும். இருக்கிற வெடிப்பும் பக்கத்துத் தோட்டத்துப் போருக்குப் போகிற அதே வெடிப்பாக இருக்கலாம். அப்போது புதுத் தண்ணி எதுவும் கிடைப்பதில்லை. மச்சான் தோட்டத்துத் தண்ணி நம் பைப்பில் வருகிறது, அடுத்த வருஷம் அவர் இன்னும் இருநூறு அடி இறங்குவார். நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாலும், கருவி வைத்துப் பார்த்தாலும், பாறைக்குள் எந்த வெடிப்பில் எத்தனை வருஷத் தண்ணி இருக்கிறது என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்வதில்லை.

சரி, தண்ணி கிடைத்தே விட்டது என்று வைப்போம். ‘ஒரு இஞ்சுத் தண்ணி’, ‘ரெண்டு இஞ்சுத் தண்ணி’ என்கிறோமே, அது வி வடிவத் தகட்டில் வழிகிற உயரம். ஒரு இஞ்சு என்றால் மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். இரண்டு இஞ்சு என்றால் அதன் இரட்டிப்பு என்று நினைத்துவிட வேண்டாம்; ஐந்து மடங்குக்கும் மேல். அதனால்தான் ‘ரெண்டு இஞ்சு இருந்தது, ஒண்ணா ஆயிருச்சு’ என்று ஒருவர் சொன்னால், பாதி போய்விட்டது என்று ஆறுதல் சொல்லக் கூடாது. ஐந்தில் நாலு பங்கு போயிருக்கிறது. ஒரு இஞ்சுப் போர் 18 மணி நேரம் ஓடினால் 9,000 லிட்டர். நம் 4,500 கணக்கில் அது இரண்டு ஏக்கர் தென்னை. ஆயிரத்து இருநூறு அடி இறங்கி ஒரு இஞ்சு கிடைத்து, ‘தண்ணி வந்திருச்சு’ என்று பொங்கல் வைத்தவர்கள் கையில் உண்மையில் இருப்பது அந்த இரண்டு ஏக்கர்தான்.

ஆயிரம் அடியிலிருந்து ஆயிரம் லிட்டரை மேலே தூக்க, மோட்டாரின் இழப்பெல்லாம் சேர்த்து, இரண்டு யூனிட் அளவுக்கு மின்சாரம் பிடிக்கும். இலவச மின் சர்வீஸ் உள்ளவருக்கு அது வலிக்காது. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் விவசாயிகள் உயிர் கொடுத்த சீமை இது. அந்த இலவசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் மின்சாரத்துக்கு விலை தெரியாததால்தான் ஆழத்துக்கும் விலை தெரியாமல் போனது என்பதும் உண்மை. மோட்டார், கேபிள், பைப் செலவு தனி. மோட்டார் காயில் எரிந்து போனால் கழற்றி மாட்டவே வண்டியும் ஆளும் வேண்டும்.

இன்னொன்று, தண்ணியின் குணம். ஆழத்துத் தண்ணி பல இடங்களில் சப்பைத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. தென்னை ஓரளவு தாங்கும். சொட்டுவான் தாங்காது, உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். நொய்யல் ஓரம் சாயத் தண்ணி இறங்கிய கிராமங்களில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர் போட்டவுடன் ஒரு பாட்டில் தண்ணியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்கிற செலவு மிகச் சொற்பம். போடுகிற பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

குட்டையும் சொட்டுநீரும்

இதற்கு அரசு உதவி இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு நல்லது என்கிறார்கள். பாதிதான் உண்மை.

மழைக் கணக்கைப் பார்த்தால் ஆசை வரும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லி மழை என்பது 4,000 லிட்டர். பத்து ஏக்கரில் 600 மில்லி பெய்தால் 2 கோடியே 40 லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் தென்னைக்கு நாலு மாசக் கோடைக்கு வேண்டியது 55 லட்சம்தான். ‘அடேயப்பா, நாலு மடங்கு இருக்கே’ என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதியை மண் குடித்து, புல் குடித்து, வெயில் குடித்துவிடும். நம் செவ்வல் மண்ணில் வழிந்தோடிக் குட்டைக்கு வருவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நிலத்தில் சரிவு எந்தப் பக்கம், பக்கத்துக் காட்டு வாரி எங்கே வந்து விழுகிறது என்று ஒரு பெருமழையன்று குடையோடு நின்று பார்த்தவருக்குத்தான் குட்டை எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியும். காய்ந்த காலத்தில் ஜேசிபி வரும் நாளன்று மூலையைக் காட்டி வெட்டச் சொன்ன குட்டைகள் பல இன்றைக்கும் தண்ணி காணாமல் கிடக்கின்றன.

30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், கரையைச் சரிவாக வெட்டினால் 14, 15 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கர் தென்னைக்குப் பத்து மாசத் தண்ணி. இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. நாளைக்கு 6 மில்லி ஆவியாகிறது என்று குறைத்தே வைத்தாலும், அந்தக் குட்டையின் முகத்திலிருந்து தினம் 5,400 லிட்டர் வானத்துக்குப் போகிறது. அதாவது நம் 4,500ஐவிட அதிகம். குட்டையை வெறும் தொட்டியாக நினைத்தால், ஒரு ஏக்கர் தென்னையைக் காப்பாற்ற இன்னொரு ஏக்கருக்கும் மேலாகச் சூரியனுக்குத் தண்ணி கட்டுகிறோம்.

அதனால் என் கட்சி, குட்டையில் சேர்த்து வைக்காதீர்கள், இறங்க விடுங்கள். தார்ப்பாய் விரிக்காத குட்டையை, பழைய கிணற்றுக்கு மேல்சரிவில் வெட்டுங்கள். செவ்வல் மண்ணில் சில வாரத்தில் தண்ணி இறங்கிவிடும். இறங்கின தண்ணி கிணற்றுக்கு ஊறும், வெயில் அதைத் தொடாது. ஒரு மழைக்கு நிரம்பி வற்றி, அடுத்த மழைக்கு மறுபடி நிரம்புகிற குட்டை, ஒரே தடவை நிரம்பி நிற்கிற குட்டையைவிட அதிகத் தண்ணியைத் தரும். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாது என்று ஒரு பகுதி விவசாயிகள் சண்டை போட்டதன் நியாயமும் இதுதான். வாய்க்காலில் கசிந்தது யாருடைய கிணற்றிலோ ஊறுகிறது. கடைமடைக்காரருக்கு அந்தக் கசிவு நஷ்டம் என்பதும் நியாயம்தான். அந்த வழக்கை இங்கே தீர்க்க முடியாது.

தார்ப்பாய்க் குட்டை யாருக்கு என்றால், பிஏபி பாசனத்தில் இருப்பவர்களுக்கு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணி விடுகிறார்கள். மடை வருகிற நாளில் பிடித்து வைத்து, மடை இல்லாத நாளில் விடுவதற்குத் தார்ப்பாய் பொருந்தும். சில நாள் இடைவெளிக்கு ஆவியில் போவது பெரிதல்ல.

பழைய கிணற்றை மூடிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் எண்பது, நூறு அடிக்குப் பாறையை உடைத்து இறக்கிய கிணறுகள் அவை. இப்போது காலி மதுப் பாட்டிலும் செத்த மயிலும் கிடக்கிற பள்ளமாகத் தெரியலாம். அதே அளவு பள்ளத்தை இன்றைய கூலிக்கு வெட்டிப் பாருங்கள்.

சொட்டுநீரில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஐந்து ஏக்கருக்குள் உள்ள சிறு குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவருக்கு 75 சதவீதம். சிட்டா, அடங்கல், நிலவரைபடம், சிறு விவசாயி சான்று ஆகியவற்றோடு வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறைக்குப் போனால் ஆகும். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் சொட்டுநீர் தண்ணியை உண்டாக்காது. அதைப் போட்ட கையோடு, மிச்சமான தண்ணிக்கு இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைத்தவர்கள் அடுத்த வறட்சியில் முன்னைவிட மோசமாக மாட்டிக்கொண்டார்கள். தென்னை வைத்தால் அறுபது வருஷம் தினம் தண்ணி தருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. சோளம் என்றால் இந்த வருஷம் இல்லையென்று விட்டுவிடலாம்.

பைப்பும் லாரியும்

இந்த இரண்டையும் நீட்டத் தேவையில்லை. அமராவதி ஓரமோ காவிரி ஓரமோ ஒரு துண்டு இடம் வாங்கிக் கிணறு வெட்டி, பல கிலோமீட்டர் பைப் போட்டுத் தண்ணி கொண்டு வந்த குடும்பங்கள் உண்டு. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்தால்தான் கட்டும். ரோட்டைக் கடக்க, அடுத்தவன் வரப்பில் போக, எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். ஆற்றில் தண்ணி இல்லாத வருஷம்தான் நமக்கும் தண்ணி தேவைப்படும் வருஷம் என்பதை யோசித்தால் பாதி ஆசை அடங்கிவிடும். வாய்க்கால் ஓரத்துக் கிணற்றிலிருந்து உறிஞ்சி வெளியே கொண்டு போவது வேறு விஷயம். அதற்குத் திருட்டு என்றுதான் பேர், கடைமடைக்காரர் வயிற்றெரிச்சல் சும்மா விடாது.

லாரித் தண்ணி மரத்தைச் சாகவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கு. காய்க்க வைப்பதற்கல்ல. முழு அளவு ஊற்றினால் ஏக்கருக்கு மாசம் பதினோரு பன்னிரண்டு லோடு (12,000 லிட்டர் லாரிக்கு). கடும் வறட்சிக்கென்று பல்கலை சொல்கிற 22 லிட்டர் கணக்கில் நாலு லோடு. இரண்டு ஏக்கர் என்றால் எட்டு. இரண்டு மாசத்துக்குத் தாங்கும் என்றால் செய்யுங்கள். பத்து ஏக்கருக்கும் ஊற்றலாம் என்று இறங்கினால், காய் விற்ற பணம் லாரிக்கே பற்றாது.

கொறங்காடு

பெரியவர்கள் இதை ஒரு தேர்வாகவே நினைக்கவில்லை, அவர்களுக்கு இது வழக்கம். தண்ணி பாய்கிற இடம் தோட்டம், பாயாத இடம் காடு. காட்டில் ஒரு பகுதி சோளம், கம்பு, கொள்ளு. ஒரு பகுதி கொறங்காடு. கிளுவை முள் வேலி, நடுவே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். வேலிக்குள் காங்கயம் மாடும் செம்மறியும் ராத்திரி பகல் அங்கேயே கிடக்கும். வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆடுகள் ஓடிப்போய்ப் பொறுக்கும். புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்தாலும் வேர் சாகாது. ஒரு நல்ல மழைக்கு ஒரு வாரத்தில் பச்சை கட்டும். சாணியும் புழுக்கையும் விழுந்த மண், காற்றுக்கு அவ்வளவாகப் பறக்காது. ஒரு போரும் இல்லாமல், மாடு குடிக்க ஒரு தொட்டித் தண்ணியோடு, 600 மில்லி மழையில் நிற்கிற பண்ணையம் இது.

வரும்படி தென்னை அளவுக்கு வராது. நாமே ஆடு மாடு வைத்தால் ஒரு கணக்கு; மேய்ச்சலுக்கு வருஷக் குத்தகைக்கு விட்டால் இன்னும் குறைந்த கணக்கு. ஆனால் செலவு என்று பார்த்தால் வேலி பார்ப்பதும், சில வருஷத்துக்கொரு முறை உழுது கொள்ளோ சோளமோ விதைத்துப் புல்லைப் புதுப்பிப்பதும்தான். சாகப்போகிற தென்னைக்கு ஊற்றுகிற பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பல தோட்டங்களில் கொறங்காடு முன்னால் வந்து நிற்கும்.

சிக்கல்களும் இருக்கின்றன. புல் பிடிக்கும்வரை முதல் வருஷம் மாட்டை விடக் கூடாது. கிளுவைக் குச்சியை மழைக்கு முன்னால் ஊன்ற வேண்டும். அதை நெருக்கமாக ஊன்றிப் பின்னத் தெரிந்த ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கம்பிவேலி போட்டுவிடலாம் என்றால் ஆட்டுக்குட்டி நழுவுகிறது, நாய் நுழைகிறது. நாய்ச் சிக்கல் விளையாட்டல்ல. வெள்ளகோவில், காங்கயம் பக்கம் பட்டிக்குள் புகுந்து தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்று, நஷ்டஈடு கேட்டு ஜனங்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பையன் திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட, வீட்டில் அறுபது தாண்டிய அப்பாவும் அம்மாவும் மட்டும் என்றால், ஆடு வைக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

‘கொறங்காடாக விடுகிறேன்’ என்று சொல்லிச் சும்மா போட்டுவிட்டால் அது சீமைக்கருவேலங்காடாகத்தான் ஆகும். இதற்கு எச்சரிக்கை வேண்டுமென்றால் கென்யாவைப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் பாரிங்கோ ஏரிப் பக்கம் நம்மைப் போலவே உயரத்தில் மழை, அடியில் வறட்சி, ஆடு மாட்டை நம்பிய ஜனங்கள். விறகுக்கும் மண் பறக்காமல் இருக்கவும் என்று 1980களில் அங்கே சீமைக்கருவேலத்தைக் கொண்டு வந்து நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்பான காயைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் போனது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, பல் போன ஆட்டையே கோர்ட்டுக்குக் கொண்டு வந்து காட்டினார்கள். வெள்வேலமும் வேலம்தான், சீமைக்கருவேலமும் வேலம்தான் என்று விட்டுவிட்டால் நமக்கும் அதே கதி. கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்.

ஆக, என் பங்கீடு

பிஏபி, கீழ்பவானி, அமராவதி என்று எந்தப் பாசனமும் இல்லாத, போரில் ஒரு இஞ்சு மட்டும் மிஞ்சிய பத்து ஏக்கர் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். நல்ல மண் உள்ள, கிணற்றுக்குப் பக்கத்து இரண்டு ஏக்கர் தென்னை மட்டும் சொட்டுநீரில். மட்டையும் உரிமட்டையும் வெளியே விற்காமல் மரத்தடியிலேயே மூடாக்கு. மேல்சரிவில் ஒரு கசிவுக் குட்டை. மூன்று ஏக்கர் மானாவாரி: சோளத்தட்டு, கொள்ளு, நரிப்பயறு. ஐந்து ஏக்கர் கொறங்காடு. மிச்சத் தென்னையில் வயசானதும் வெள்ளை ஈ அடித்து ஓய்ந்ததும் முதலில் போகட்டும். மரத்தை வெட்டுவது வீட்டில் சண்டை வரக்கூடிய விஷயம் என்று தெரியும். அம்மா ஒரு வாரம் பேசாமல் இருப்பார். இரண்டு கோடைக்குள் அவை தாமாகக் காயத்தான் போகின்றன. அதுவரை குடிக்கிற தண்ணியை நல்ல மரத்துக்குக் கொடுத்தால் அதுவாவது நிற்கும்.

யாருக்கு இது பொருந்தாது? அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் சேர்ந்த 1,045 குளம் குட்டைகளில் ஒன்று பக்கத்தில் இருந்தால் பொறுத்திருங்கள். 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிவைத்த திட்டம் அது. பவானியின் உபரி நீர்தான் வரும். ஆனாலும் குளம் சில வருஷம் தொடர்ந்து நிரம்பினால் சுற்றுவட்டாரக் கிணற்று மட்டம் எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், இப்போதைக்கு மரத்தை வெட்ட வேண்டாம். பத்து மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பமும் வேறு. பசுந்தீவனத்துக்குத் தண்ணி அவசியம். அவர்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னைக்குப் பதில் ஒரு ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் தீவனம். போர் போட்டே ஆக வேண்டுமென்றால் எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருவதற்கு முந்தின நாள் பகலில், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்து, தாளில் எழுதி, வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து எடுக்கிற முடிவு எதுவும் சரியாக இருப்பதில்லை.

வேலை வரிசை: சித்திரை, வைகாசியில் மரம் கழிப்பதும் கோடை உழவும். குளத்து வண்டல் வேண்டுமென்றால் தாசில்தார் ஆபீசில் இப்போதே அனுமதி கேட்டுவிடலாம். குட்டை ஆடிக்குள் முடிந்துவிட வேண்டும். கிளுவையும் புல் விதையும் புரட்டாசிக்குள். சொட்டுநீர் மனு மட்டும் இன்றைக்கே. அதற்கு முன் சிட்டா யார் பேரில் இருக்கிறது, மின் இணைப்பு இன்னும் அப்புச்சி பேரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத நிலமென்றால் மானியத்துக்கு முன்னால் அந்தக் கையெழுத்துகளை வாங்குவதற்கே ஒரு தீபாவளி கடந்துவிடும்.